ஒண்ணுமில்ல மேடம்

“இப்போ?” என்று கேட்டுவிட்டு அவர் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார். சுவரிலுள்ள எழுத்து மங்கலாக இருந்தும் தெரிகிறது என்று சொல்கிறவர்களுக்குக் கால் கட்டைவிரல் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. லென்ஸை எடுக்கிறார், வேறொன்றைப் போடுகிறார், அதையும் எடுக்கிறார். கடைசியில் அந்தக் கனத்த சோதனை பிரேமையே முகத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைக்கிறார்.

“ஒண்ணுமில்ல. உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் போனைத் தூரப் போட்டுட்டு நல்லாத் தூங்குங்க. எழுந்திருங்க, அடுத்த ஆள் வரட்டும்.”

எழுந்திருக்க வேண்டியவர் எழுந்திருப்பதில்லை. வெளியே ஒரு மணி நேரம் கண்ணாடி முன் நின்று பழுப்பு நிற பிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் போட்டுப் படம் எடுத்து மனைவிக்கும் அனுப்பிவிட்டு உள்ளே வந்த மனிதர் அவர். கண்ணில் கோளாறு இல்லை என்றால் ஏதோ பரீட்சையில் தோற்றுப்போன மாதிரி முகம் தொங்கிவிடுகிறது. தலை வலிக்கிறதே என்று ஒரு கடைசி முயற்சி செய்து பார்க்கிறார். தலை வலித்தால் தலையைக் காட்டுங்கள், கண் என்ன பாவம் செய்தது என்று பதில் வருகிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணைப் பரிசோதிக்கிற ஒருவர் இப்படிப் பேசினால் அந்தக் கடை என்னத்துக்கு ஆகும்? கடைப் பையன்கள் தலையில் அடித்துக்கொண்டு அவருக்குப் பெயர் வைத்தார்கள். ஒண்ணுமில்ல மேடம்.

ஐம்பதைத் தாண்டிய வயது. குள்ளமான உருவம், தண்ணீர்க் குழாயடியில் இரண்டு வரிசை தள்ளியும் கேட்கிற குரல். கடைக்கு வெளியேயும் அவருடைய கை சும்மா இருக்காது. வரிசையில் முன்னால் நிற்கிறவரின் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், கழற்றி வாங்கி, காம்பை வளைத்து நிமிர்த்தி, தன் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிவிட்டுத்தான் மறுவேலை. பஸ்ஸில் யாராவது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகை படித்தால் இருந்த இடத்திலிருந்தே கண்ணைக் காட்டச் சொல்லிக் குரல் கொடுப்பார். கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சாது. “இவகூட வெளியே போனா ஊரே திரும்பிப் பாக்கும். நான் ரெண்டடி பின்னாலயே வருவேன்” என்பார்.

இந்த ஒண்ணுமில்லைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எப்போதாவது அவர் வாயிலிருந்து “இருக்கு” என்று வந்துவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஒரு தையற்கார அம்மாள் கண்ணாடி மாற்ற வந்தபோது, கண்ணாடி இருக்கட்டும், இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் நரம்பைக் காட்டுங்கள் என்று பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார். அந்த அம்மாளின் பார்வை பிழைத்தது. இன்றும் தெருவில் கண்டால் கையைப் பிடித்துக்கொள்கிறார். இல்லாததை இல்லை என்று இத்தனை வருடம் சொன்னதால்தான் இருப்பதை இருக்கிறது என்றபோது நம்பினார்கள். கடையின் மூலதனம் அலமாரியில் அடுக்கிய பிரேம்கள் என்று நினைப்பவர்களுக்கு இது புரியாது. ஒருவனுக்கு மட்டும் நன்றாகவே புரிந்திருந்தது. அவன்தான் கடை முதலாளி, மேடத்தின் கூடப் பிறந்த தம்பி.

தம்பியைக் கெட்டவன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வாக்கியத்துக்கு ஒரு தடவை “அக்கா” போடுவான். பதினோரு மணிக்குத் தன் கையாலேயே காபி கொண்டுவந்து வைப்பான். அக்காவின் இடுப்பில் வளர்ந்தவன், அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறவன். ஒருநாள் கடை வாசலில் புதுப் பலகை மாட்டினான். “உங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை என்றால், தேவையில்லை என்றே சொல்வோம்.” மேடம் அதன் கீழே நின்று அண்ணாந்து படித்தார். உச்சி குளிர்ந்து போயிற்று. ஒண்ணுமில்லை என்று சொல்லிக் கடையை இழுத்து மூடவைத்துவிடுவாள் என்று கேலி செய்தவர்கள் முகத்தில் கரி பூசியாயிற்று என்று அன்றைக்கு வீட்டில் கணவரிடம் நாலு தடவை சொன்னார்.

கடையில் பரிசோதனைக்கு இரண்டு அறைகள். முதல் அறை மேடத்துடையது. கூட்டம் கூடியதும் பின்பக்கத்தில் இன்னொரு அறை தடுத்து, அதில் தம்பி தன் மச்சினனை உட்கார வைத்திருந்தான். தம்பி மனைவியின் உடன்பிறப்பு, ஆறுமாதப் படிப்பு, அத்தர் வாசனை. ஒருநாள் முதல் அறை விளக்கு போய்விட, மேடம் இரண்டாம் அறையில் உட்கார்ந்து ஒரு வயதானவருக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்தின் கால் நகர்ந்தபோது மிதியடிக்குக் கீழே ஏதோ அமுங்கிற்று. சுவரில் இருந்த எழுத்துப் பெட்டி பளீரென்று பிரகாசித்தது. காலை எடுத்தார், மங்கிற்று. வைத்தார், பளீரென்றது.

ஒயர் லூஸாகிவிட்டது என்று நினைத்தார் அந்தப் பைத்தியக்கார மனுஷி! யாருக்காவது ஷாக் அடித்துத் தொலைக்கப் போகிறது என்று பதறி, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பி, அவன் வந்து மிதியடியைத் தூக்கும்வரை வாடிக்கையாளர் யாரையும் அந்தப் பக்கம் விடாமல் காவல் நின்றார். எலக்ட்ரீஷியன் குனிந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தான்.

“இது ரிப்பேர் இல்லீங்கக்கா. நான்தான் போட்டுக் குடுத்தேன். இப்படித்தான் வேணும்னு முதலாளி சொன்னாரு.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. முப்பது வருடம் இந்த நாற்காலிக்கு எதிரே நின்றவருக்கு எதற்கு என்று சொல்லித்தரவா வேண்டும்? மச்சினன் வெறும் கண்ணாடிச் சில்லை பிரேமில் செருகுவான். செருகும்போதே காலால் மிதிப்பான். வெளிச்சம் கூடினால் எந்தக் கண்ணுக்கும் எழுத்து கொஞ்சம் தெளிவாகத்தான் தெரியும். “இப்போ நல்லாத் தெரியுதா?” என்று கேட்பான். ஆமாம், நன்றாகத் தெரிகிறது என்று உட்கார்ந்திருப்பவர் சொல்வார். அவ்வளவுதான் வித்தை. கண்ணில் மண்ணைத் தூவுகிறவனாவது தூவிவிட்டு ஓடிப்போவான். இவர்கள் அந்த மண்ணுக்குப் பிரேம் போட்டு, பட்டுத்துணியால் துடைத்து, உறையில் வைத்து விற்றிருக்கிறார்கள். அதுவும் அந்தப் பலகைக்குக் கீழே!

தம்பியைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார். அவன் முகம் கோணவில்லை. நான் யாரிடமும் பொய் சொல்லவில்லையே அக்கா, நல்லாத் தெரியுது என்று அவர்களே அல்லவா சொல்கிறார்கள் என்றான். மேடத்துக்கு அந்தப் பதில்தான் பொறுக்கவில்லை.

“நீ சொன்னாக்கூடத் தேவலைடா. உன் பொய்யை அவங்க வாயால சொல்ல வெக்கிறே.”

அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கொண்டு அந்த மிதிசுவிட்சைப் பிடுங்க வைத்தார். ஒயரைத் தானே கத்தரித்தார். தம்பி சிரித்தபடி பக்கத்தில் நின்று பார்த்தான். சரி அக்கா, இனிமேல் கிடையாது, உன் தலைமேல் ஆணை என்றான். ஆணையை அவன் தலைமேல் செய்திருக்க வேண்டும், அதையாவது அவர் கவனித்திருக்கலாம். தூக்கி வளர்த்த பாசம் கண்ணை மறைத்தது. நம்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூட வேலை வந்தது. பக்கத்தில் உள்ள தனியார் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் எல்லோருக்கும் கண் பரிசோதனை. மேடம் வருவதாக இருந்தால் சம்மதம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாராம். பெற்றோர்களில் பாதிப் பேர் அவரிடம் ஒண்ணுமில்லை வாங்கிக்கொண்டு போனவர்கள்தானே. மேடம் தாமே எழுத்துப் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளைகள் முன்னால் அவர் வேறு ஆள். கரும்பலகையை எட்டிப் பார்க்கிறவன் யார், பக்கத்து நோட்டைக் காப்பியடிக்கிறவன் யார், அவனுக்கு எழுத்து தெரியாமல் காப்பியடிக்கிறானா இல்லை பாடம் தெரியாமலா என்று குடைந்து குடைந்து கேட்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அத்தனை பிள்ளைகளிலும் கண்ணாடி தேவைப்பட்டது ஆறு பேருக்கு. அந்த ஆறு பேரை வகுப்பாசிரியைகளிடம் அழைத்துப்போய்க் கையைப் பிடித்து ஒப்படைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் வழக்கமான வார்த்தைதான்.

பிறகு ஒரு பிற்பகல், ஓர் அம்மா தன் எட்டு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பெண் முகத்தில் நீலக் கண்ணாடி. பள்ளியிலிருந்து வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாளாம், இரண்டு தடவை வாந்தியும் எடுத்தாளாம். கண்ணாடி பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று கடையில் சொன்னார்களாம். மேடம் அந்தப் பெண்ணை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பலகையின் கடைசி வரியைத் தலைகீழாகவும் படித்துக் காட்டிய வாயாடி. ஆறு பேரில் அவள் இல்லை.

கண்ணாடியைக் கழற்றி வாங்கினார். கையை நீட்டி அதன் வழியாகக் கதவு நிலையைப் பார்த்து, லென்ஸை மெல்லத் திருப்பினார். நேராக இருந்த நிலை அதற்குள் இரண்டாக உடைந்து சாய்ந்தது. வெறும் கண்ணாடிகூட இல்லை, கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாதவர்களுக்குப் போடுகிற லென்ஸ். ஒரு குறையும் இல்லாத குழந்தையின் கண்ணுக்கு முன்னால் அதை மாட்டி, காலையிலிருந்து சாயங்காலம்வரை கரும்பலகையைப் பார் என்று விட்டிருக்கிறார்கள்.

யார் இதைப் போடச் சொன்னது என்று கேட்டார். அந்த அம்மா விழித்தாள்.

“நீங்கதானே மேடம்? பிள்ளையை ஒருதரம் கடைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லி மேடம் சொன்னாங்கன்னு போன் வந்துச்சு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னைக்கே கூட்டிட்டு வந்தேன். பின்னாடி ரூம்ல பாத்தாங்க.”

பெண் தன் பங்குக்குச் சொன்னாள். அந்த அங்கிள் லென்ஸ் போட்டதும் எழுத்து பளிச்சென்று ஆனதாம், ஜாலியாக இருந்ததாம்.

பளிச்சென்று! சுவிட்சைப் பிடுங்கவிட்டது ஒரு கண்துடைப்பு. வேறு இடத்தில் வேறொன்று வைத்துவிட்டார்கள். அதையாவது வயிற்றெரிச்சலோடு விழுங்கியிருக்கலாம். அவர் பெயரைச் சொல்லி வீடு வீடாகப் போன் போட்டிருக்கிறார்களே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? முப்பது வருடமாகச் சேர்த்த ஒண்ணுமில்லையை ஒருவன் மூட்டையாகக் கட்டி விற்றுவிட்டான். இந்தப் பெண்ணைப் போல நாற்பது பிள்ளைகளாவது இப்போது அந்தப் பள்ளியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும்.

அந்த அம்மாவும் பெண்ணும் போனபிறகு, தம்பி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பேசினான். இதில் யாருக்குக் கண் போய்விட்டது, லேசான பவர்தானே என்றான். வெறும் கண்ணாடி என்றால் வேறு கடைக்காரன் கண்டுபிடித்துவிடுவான், அதனால்தான் ஏதாவது கொஞ்சம் வைக்கிறோம் என்று, தொழில் ரகசியம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, விளக்கினான். இந்தப் பெண்ணுக்கு வேண்டுமானால் ஓசைப்படாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம், மற்றவர்கள் யாரும் வந்து கேட்கவில்லையே? சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்தது. அந்தப் பள்ளிக்கு இன்னும் நான்கு கிளைகள் இருந்தன. மேடம் மேடையில் ஏறிக் கண்ணைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் நான்கும் கைக்கு வந்துவிடும்.

“உனக்கு ஒரு குறையும் வெக்கலையேக்கா நான். யாவாரம்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். எல்லாரும் பண்றதுதான்.”

“எல்லாரும் பண்றான்னா எல்லாரும் அவனவன் பேர்ல பண்றான். நீ என் பேர்ல பண்ணியிருக்கே. அதுவும் பச்சப்புள்ளைங்ககிட்ட.”

போன் போட்டுப் பிள்ளைகளைத் திரும்ப வரவழை, கண்ணாடிகளை வாங்கிக்கொள், நடந்ததைச் சொல் என்றார். நடந்ததைச் சொன்னால் கடையே இருக்காது அக்கா என்றான் தம்பி. முதல் தடவையாக அவன் குரலில் சிரிப்பு இல்லை. இந்தக் கடையை நம்பி அவனும், மச்சினனும், வேலை பார்க்கிற பையன்களும், ஏன், மேடமும்தான் இருக்கிறார்கள்.

சாயங்காலமே மேடத்தின் அம்மா போனில் வந்துவிட்டார். அம்மா இருப்பது தம்பி வீட்டில். அவன் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிடாதே, நீ வாயைத் திறந்தால் நான் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன் என்று அழுதார். மேடம் போனைக் கீழே வைத்தார். கணவர்தான் மெதுவாக, பஸ் ஓட்டுகிறவன் பிரேக் இல்லை என்று தெரிந்தபிறகு வண்டியை எடுக்கக் கூடாது, யார் ஏறி உட்கார்ந்திருந்தாலும் சரி என்றார். வாழ்நாளில் அவர் மனைவிக்குச் சொன்ன ஒரே யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை பள்ளியின் பெரிய கூடத்தில் மின்விசிறிகள் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. பெற்றோர்கள் பிள்ளைகளை மடியிலும் பக்கத்திலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் புதுச்சட்டையில் தம்பி. அக்கா வந்துவிட்டாள், அக்கா என்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்கிற நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. மேடத்தை மேடைக்கு அழைத்தார்கள். அவர் மேடையேறவில்லை. கீழேயே நின்றுகொண்டு, மைக்கும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, எங்கள் கடைக் கண்ணாடி போட்டிருக்கிற பிள்ளைகள் எல்லாரும் முன்னால் வாருங்கள் என்றார்.

ஓடி வந்தார்கள். பரிசு கொடுக்கப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஒரு வரிசை நீண்டது. முதலில் அந்த ஆறு பேரைப் பெயர் சொல்லிப் பிரித்துத் தனியே நிறுத்தினார். இவர்களுக்குக் கண்ணாடி வேண்டும், தூங்கும்போது தவிரக் கழற்றக் கூடாது, ஆனால் போட்டிருப்பது சரியான பவர்தானா என்று திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்று பெற்றோரைப் பார்த்துச் சொன்னார்.

“மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கும் ஒண்ணுமில்ல, இன்னைக்கும் ஒண்ணுமில்ல. பொய் சொல்லி மாட்டிவிட்டிருக்காங்க.”

கூடத்தில் நாற்காலிகள் உரசின. ஓர் அப்பா எழுந்து, பிள்ளைகளின் கண்ணில் விளையாடியவன் எவன், எந்தக் கடை, யாரைப் போய்க் கேட்பது என்று கத்தினார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

“என் தம்பி கடைதாங்க. அங்க கண்ணு பாக்கறவ நான்தான். என் பேரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. எங்க போய் வேணாலும் கேளுங்க, நான் கூட வந்து சொல்றேன்.”

தம்பி எழுந்து வந்துவிட்டான். புதுச்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், “போதும்க்கா. வா, வீட்டுக்குப் போயிடலாம்” என்றான். அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றான். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி இன்னொரு தடவை அக்கா என்றான்.

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் முதலில் நின்ற பொடியன் முன்னால் தரையில் முழங்காலிட்டு, அவன் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றினார். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய இடத்தில் சிவப்பாக இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. அவற்றின்மேல் பெருவிரலை வைத்து, அவை மறைகிறவரை, மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.